பூட்டும் உறையும்

போன மாதக் கடைசியில் ஓய்வூதியம் வந்து சேர்ந்ததா என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் மேல் ஓரத்தில் வழக்கம்போல் ஒரு சின்னப் பூட்டுப் படம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரனிடம், "ஏண்டா, இந்தப் பூட்டைச் செய்தது யார்?" என்று கேட்டேன். அவன் சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான்.

"யாரோ எப்பவோ செஞ்சது தாத்தா. அதுக்கு மேல வேற யாரோ உறை போட்டுத் தர்றாங்க. அந்த உறையை எடுத்து வெச்சுக்கறது மட்டும்தான் எங்க வேலை."

அவன் வேடிக்கையாகச் சொன்ன பதில் எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பிறர் எழுதிய பத்திரங்களுக்கு உறை போட்டே சம்பளம் வாங்கியவன் நான். உறை போடுகிறவனால் என்னென்ன நேரும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனால் அவனை நச்சரித்தும், நானாகப் படித்தும் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டேன். பணத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் உரிய கதை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நாம் அனுப்பும் கடவுச்சொல்லையும் கணக்கு எண்ணையும் வழியில் எவரும் படிக்க முடியாதபடி குழப்பி அனுப்பும் கலைக்குக் குறியாக்கம் என்று பெயர். அதைச் செய்யும் ஆயத்தக் கட்டளைத் தொகுப்பை மென்பொருள்காரர்கள் 'லைப்ரரி' என்கிறார்கள். நம் ரோமேன் ரோலன் நூலகம் போன்றதல்ல இது. ஊர்ப் பொதுக் கிணறு போன்றது. ஒருவர் வெட்டி வைத்தால் எல்லோரும் மொண்டுகொள்ளலாம்.

ஆளுக்கொரு பூட்டைச் செய்துகொள்ளாமல் ஏன் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டும்? இதற்குப் பதில் 1883இலேயே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டுவிட்டது. நெதர்லாந்தில் பிறந்து பாரிஸில் மொழி ஆசிரியராக இருந்த ஒகுஸ்த் கெர்க்கொஃப்ஸ் என்பவர், ராணுவ அறிவியல் இதழ் ஒன்றில் ராணுவக் குறியாக்கம் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பூட்டின் அமைப்பு எதிரி கையில் கிடைத்தாலும் கெடுதல் வரக்கூடாது, ரகசியம் சாவியில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது அதில் அவர் சொன்ன விதிகளில் ஒன்று. அமைப்பு ஊரறிந்ததாக இருந்தால் நாலு பேர் சோதித்துப் பார்த்துக் குறை சொல்வார்கள். வீட்டுக்குள் ரகசியமாகச் செய்த பூட்டில் இருக்கும் ஓட்டை, திருடன் கண்டுபிடிக்கும் வரை செய்தவனுக்கே தெரியாது. இன்றும் இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம், சொந்தமாகப் பூட்டுச் செய்யாதே என்பதுதான்.

ஆனால் அந்தப் பொதுக் கிணற்றை வெட்டுவதற்கே ஒரு காலத்தில் சட்டம் குறுக்கே நின்றது. அமெரிக்கா பலமான குறியாக்க மென்பொருளைத் துப்பாக்கி, வெடிமருந்து இருக்கும் போர்த்தளவாடப் பட்டியலில் வைத்திருந்தது. உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாது. பிரான்சும் சளைத்ததல்ல. அங்கே குறியாக்கத்தைத் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று முழுமையாகச் சட்டம் வந்தது 2004இல்தான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகம் அப்போது கெர்பெராஸ் என்ற மென்பொருளைச் செய்திருந்தது. கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் நாயின் பெயர் அது. கணினி வலையமைப்பில் நுழைகிறவர் யார் என்று சரிபார்க்கும் காவல் நாய். அதில் குறியாக்கம் இருந்ததால் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியவில்லை. எனவே குறியாக்கம் வரும் இடங்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வெளியிட்டார்கள். அதற்கு 'போன்ஸ்', அதாவது எலும்புகள் என்று பெயர்.

ஆஸ்திரேலியாவில் பாண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் யங் அந்த எலும்புகளுக்குத் திரும்பச் சதை வைத்தார். டெஸ் என்னும் குறியாக்க முறை பகிரங்கமாக அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பார்த்து அவரே புதிதாகக் கட்டளைகளை எழுதி, வெட்டிய இடங்களில் பொருத்தினார். அமெரிக்கச் சட்டம் ஆஸ்திரேலியாவில் எழுதியதைக் கட்டுப்படுத்தாது. உலகம் எடுத்துக்கொண்டது.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் இணைய வணிகத்துக்காக எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்திருந்தது. ஏற்றுமதிப் பதிப்பில் 40 பிட் நீளமுள்ள சாவிக்குத்தான் அனுமதி. குட்டையான சாவி, பலவீனமான பூட்டு. அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் பிரான்சின் அரசு ஆய்வு நிறுவனமான இன்ரியாவில் ஓர் ஆய்வாளர், சுமார் 120 கணினிகளை ஓய்வு நேரத்தில் ஓடவிட்டு, 8 நாட்களில் அப்படிப்பட்ட ஒரு பூட்டைத் திறந்து காட்டினார்.

அதே 1995இல் எரிக் யங் எஸ்.எஸ்.எல். முறை முழுவதையும் தானே எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். டிம் ஹட்சன் என்பவர் துணை நின்றார். அதன் பெயர் 'எஸ்.எஸ்.எல்.இ.ஏ.ஒய்.' கடைசி மூன்றெழுத்தும் எரிக் யங்கின் முதலெழுத்துகள். 1998இல் இருவரும் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கிணறு அனாதையாகிவிடக் கூடாதென்று, அந்த டிசம்பரில் ஐரோப்பாவைச் சேர்ந்த சிலர் அதை எடுத்துக்கொண்டு 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்று பெயர் மாற்றித் தொடர்ந்தார்கள். உலகின் பல லட்சம் கணினிகள் இன்றும் மொண்டுகொள்வது அந்தக் கிணற்றில்தான்.

சரி, உறை எங்கே வருகிறது? ஓப்பன் எஸ்.எஸ்.எல். எழுதப்பட்ட மொழியின் பெயர் 'சி'. வேகமானது, ஆனால் கண்டிப்பில்லாதது. தப்பாகச் சொன்னாலும் சொன்னபடி செய்யும். பேரன் வயதுக்காரர்கள் 'பைத்தான்' போன்ற எளிய மொழிகளில் எழுதுகிறார்கள். சி மொழிக் கிணற்றிலிருந்து பைத்தான்காரர்கள் மொண்டுகொள்ள நடுவில் ஒரு ராட்டினமும் கயிறும் வேண்டும். அதைத்தான் 'ராப்பர்', உறை என்கிறார்கள். உள்ளே இருக்கும் பழைய எழுத்தை உறை மாற்றுவதில்லை. வெளியில் இருப்பவருக்குப் புரியும் மொழியில் அதைப் பேச வைக்கிறது.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் பத்திரங்களுக்குத் தமிழில் சுருக்கத் தாள் எழுதி மேலே தைக்கும் வேலை கொடுத்தார்கள். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு. பிற்பாடு பத்திரத்தை எடுப்பவர்கள் என் தாளைத்தான் படிப்பார்கள், உள்ளே புரட்ட மாட்டார்கள். ஒரு பத்திரத்தில் தகப்பனார் தன் வீட்டை மகனுக்கு 'நூ ப்ரொப்ரியேதே' ஆகக் கொடுப்பதாக இருந்தது. 'ப்ரொப்ரியேதே' என்றால் சொத்து. 'நூ' என்றால் துணியில்லாத, வெறும். 'வெறும் சொத்து' என்று எழுதினால் சிரிப்பார்களே, ஏதோ பழங்கால நடை என்று நினைத்து, அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'வீடு மகனுக்கு' என்று அழகாக எழுதிவிட்டேன்.

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். என் தாளைப் படித்துவிட்டு உள்ளே புரட்டினார். புரட்டிப் பார்க்கும் பழக்கம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

"தம்பி, அந்த அம்மாவை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிட்டீங்களே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். 'நூ' என்றால் அனுபவ உரிமை நீங்கலாக என்று பொருள். வீடு மகனுக்கு, ஆனால் தாயார் உயிரோடு இருக்கும்வரை அதில் குடியிருக்கும் உரிமை தாயாருக்கு. அடுத்த பக்கத்தில் வேறொரு சொல்லில் அந்த உரிமை எழுதப்பட்டிருந்தது. நான் அதைத் திருப்பிச் சொன்னது என்று விட்டிருந்தேன். மிகச் சின்னச் சொல். அதை எடுத்ததில் ஒரு கிழவியின் கூரை போயிருக்கும். தாளைக் கிழித்து மறுபடி எழுதினேன்.

இதைச் சொன்னதற்குக் காரணம், என்னைப்போலவே ஒருவர் 2006இல் செய்தார். அவர் கைக்கு அடியில் இருந்தது ஒரு வீடு அல்ல.

டெபியன் என்பது தன்னார்வலர்கள் தொகுத்து இலவசமாகத் தரும் கணினி இயங்குதளம். ஓப்பன் எஸ்.எஸ்.எல். மூலத்தை வாங்கி, தங்கள் தளத்துக்கு ஏற்றபடி கட்டி விநியோகிப்பது அவர்கள் வேலை. அதற்கென ஒரு பொறுப்பாளர். பிழை காணும் கருவி ஒன்று, அந்த மூலத்தின் இரண்டு வரிகளைச் சுட்டி, இன்னும் எதுவும் எழுதப்படாத நினைவுப் பகுதியை இவை படிக்கின்றன என்று ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் ஓப்பன் எஸ்.எஸ்.எல். குழுவின் அஞ்சல் பட்டியலில் கேட்டார். ஆட்சேபம் இல்லை என்கிற தொனியில் பதில் வந்தது. இரண்டு வரிகளையும் நீக்கினார். எச்சரிக்கை நின்றது.

அந்த வரிகள் என்ன செய்துகொண்டிருந்தன? குறியாக்கச் சாவி எவராலும் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும். நம் உத்தரமேரூர்க் கல்வெட்டில் வரும் குடவோலையை நினைத்துக்கொள்ளுங்கள். பல ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். கணினியும் அப்படியே. பல இடங்களிலிருந்து கணிக்க முடியாத விவரங்களைச் சேகரித்து ஒரு குடத்தில் போட்டுக் குலுக்குகிறது. நீக்கப்பட்ட வரிகளில் ஒன்றுதான் ஓலைகள் விழும் குடத்தின் வாய். வாய் அடைபட்ட பிறகும் கணினி குலுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஓலை எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் குடத்துக்குள் போனது, ஓடுகிற நிரலுக்குக் கணினி இடும் வரிசை எண் ஒன்று மட்டும். அது 32,768க்குள் அடங்கிவிடும். கோடானுகோடிச் சாவிகள் இருக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகைக் கணினிக்கும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். ஒரு பையன் மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

2006 செப்டம்பரிலிருந்து டெபியனிலும், அதை அடியொற்றிய உபுண்டு முதலியவற்றிலும் இந்தச் சாவிகள் உண்டாகிக்கொண்டே இருந்தன. 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தது. பிழையைத் திருத்துவது சுலபம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் செய்த சாவிகள் எல்லாமே செல்லாதவை. உலகெங்கும் கணினி நிர்வாகிகள் பழைய சாவிகளைத் தேடித் தேடி அழித்துப் புதிதாகச் செய்தார்கள்.

அந்தப் பொறுப்பாளரை அப்போது பலர் திட்டினார்கள். எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டுவிட்டுத்தான் செய்தார். நான் கேட்கக்கூட இல்லை. புரியாததைத் தேவையற்றது என்று எடுத்துக்கொண்டதுதான் இருவருடைய தவறும். எனக்கு மேலே புரட்டிப் பார்க்கும் ஒருவர் இருந்தார். அவருக்கு இருபது மாதம் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

உறையில் மட்டும் பிழை வருவதில்லை, கிணற்றிலும் வரும். 2014 ஏப்ரல் 7 அன்று வெளியான 'ஹார்ட்பிளீட்' விவகாரம் பலருக்கு நினைவிருக்கலாம். இரண்டு கணினிகள் தொடர்பில் இருக்கும்போது, நீ இருக்கிறாயா என்று இடையிடையே கேட்டுக்கொள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு. 'ஒரு சொல்லை அனுப்புகிறேன், அதன் நீளம் இவ்வளவு, அப்படியே திருப்பி அனுப்பு' என்று ஒன்று கேட்கும், மற்றது திருப்பி அனுப்பும். சொன்ன நீளம் உண்மையா என்று ஓப்பன் எஸ்.எஸ்.எல். சரிபார்க்கவில்லை. ஓரெழுத்தை அனுப்பிவிட்டு 64,000 எழுத்து என்று பொய் சொன்னால், அந்த ஓரெழுத்தோடு நினைவில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் வாரிக் கொடுத்துவிடும். கடவுச்சொல் கிடந்தால் கடவுச்சொல். சாவி கிடந்தால் சாவி.

இந்தக் கட்டளை மூலத்தில் சேர்ந்தது 2011 டிசம்பர் 31 அன்று. இரண்டே கால் வருடம் யார் கண்ணிலும் படவில்லை. பிறகு கூகுளில் ஒருவரும், பின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே கண்டார்கள். விஷயம் வெளியான சில நாட்களில் கனடா நாட்டு வருமான வரித்துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடு போயின.

அதற்குப் பிறகு வெளிவந்த ஒரு கணக்குதான் உலகைத் தலைகுனிய வைத்தது. இந்த மென்பொருளுக்கு வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழு நேரமும் அதைக் கவனித்தவர் ஒரே ஒருவர். வங்கிகளும் பெரிய பெரிய கம்பெனிகளும் அதில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தன. தூர் வாரக் கூலி கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மாதமே லினக்ஸ் அறக்கட்டளை பெரிய நிறுவனங்களைக் கூட்டி நிதி திரட்டியது. ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் மூலத்தைத் தனியே பிரித்தெடுத்து, வேண்டாதவற்றை வெட்டி 'லிப்ரே எஸ்.எஸ்.எல்.' என்று வைத்துக்கொண்டார்கள். கூகுளும் தனக்கென ஒரு பிரிவை உண்டாக்கிக்கொண்டது.

பேரன் பயன்படுத்தும் உறை ஏறக்குறைய இந்தச் சமயத்தில் பிறந்தது. பைத்தான் மொழிக்கான அதன் பெயரே 'கிரிப்டோகிராஃபி'. முதல் பதிப்பு 2014 ஜனவரியில். செய்தவர்கள் அதை இரண்டு தட்டாக அமைத்தார்கள். மேல் தட்டில் சாவியைக் கொடு, பூட்டு, திற என்ற அளவில் எளிய கருவிகள். அங்கே தவறு செய்வது கடினம். கீழ்த் தட்டில் ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லின் நுணுக்கங்கள் எல்லாம் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹஸ்மத்'. ஆங்கிலத்தில் அபாயகரமான பொருட்கள் என்பதன் சுருக்கம். அமிலம் ஏற்றிவரும் லாரியின் பின்னால் எழுதியிருக்குமே, அந்த மாதிரி. தெரியாமல் கை வைக்காதே என்பதைக் கையேட்டின் மூலையில் ஒளிக்காமல் கதவின் பெயராகவே வைத்துவிட்டார்கள். என் சுருக்கத் தாளில் 'நூ' என்ற சொல்லைப் பிரெஞ்சிலேயே விட்டு, 'மூலத்தைப் பார்க்கவும்' என்று நான் எழுதியிருக்க வேண்டும் அல்லவா? அது போலத்தான்.

உறை போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைப்போம். அதன் பிறகுதான் ஆரம்பம். பயனர்கள் சிரமப்படக் கூடாதென்று இவர்கள் தங்கள் உறைக்குள்ளேயே ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லையும் வைத்துக் கட்டித் தருகிறார்கள். எனவே உள்ளே இருப்பதில் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் உறையையும் திரும்பக் கட்டி வெளியிட வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. யாரோ செய்த பிழைக்காக இவர்கள் விழித்திருக்க வேண்டும்.

2021 பிப்ரவரியில் ஒரு சண்டையும் நடந்தது. ஹார்ட்பிளீட் போன்ற பிழைகளுக்கு சி மொழியின் கண்டிப்பின்மையே வேர். 'ரஸ்ட்' என்ற புதிய மொழி, ஒதுக்கிய இடத்துக்கு அப்பால் படிக்க விடாது. உறையின் பகுதிகளை ரஸ்ட்டில் எழுதுவது என்று முடிவு செய்து 3.4ஆம் பதிப்பை வெளியிட்டார்கள். ரஸ்ட் கிடைக்காத பழைய, அபூர்வமான கணினிகளை வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். எங்கள் வேலை நின்றுபோயிற்று, யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று ஒரே கூச்சல். அந்தப் பதிப்பில் ரஸ்ட் இல்லாமலும் கட்டிக்கொள்ள ஒரு தற்காலிக வழி இருந்தது. அடுத்த பெரிய பதிப்பில் அதுவும் போயிற்று.

இதில் யார் பக்கம் நியாயம் என்று பேரன் கேட்டான். உடனே பதில் சொல்ல முடியவில்லை. பழைய கணினிக்காரருக்கு அது அநியாயமாகத்தான் பட்டிருக்கும். ஆனால் காசு வாங்காமல் இரவில் விழித்திருப்பவன், நாளைக்கு இன்னொரு ஹார்ட்பிளீட் தன் பெயரில் வந்துவிடக் கூடாது என்று பயப்படுவதும் நியாயம்தானே? கூச்சலிட்டவர்களில் எத்தனை பேர் தூர் வார ஒரு கூடை எடுத்தார்கள் என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "நாங்களும் எடுக்கலை தாத்தா" என்றான்.

எங்கள் மூத்தவர் ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டோம், காராசேவும் காப்பியும் கொடுத்தோம். அவர் புரட்டிப் பார்த்துத் தடுத்த தவறுகளை யாரும் பட்டியலிடவில்லை. நடக்காமல் போன தவறுக்குக் கோப்பு கிடையாது. அந்த அம்மாவுக்கும் கடைசிவரை ஒன்றும் தெரியாது. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

இந்த மாதமும் ஓய்வூதியம் சரியாக வந்துவிட்டது. பூட்டுப் படம் அதே ஓரத்தில் இருந்தது.